ஊத்தான் மெலிந்தாங்கில் என் வீட்டு ஸ்பீக்கர்களைப் பேச வைத்த அப்பாவும் மகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானிலிருந்து வரும் சாலையில் ஊத்தான் மெலிந்தாங்குக்குள் நுழைந்ததும், கடைவீதியின் பின்வரிசையில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் கடையின் பெயரைவிட ‘ஒலி ஒளி வாடகைக்கு’ என்ற எழுத்துகள்தான் பெரிதாகத் தெரியும். வாசலில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகளும் கூம்பு ஒலிபெருக்கிகளும் அடுக்கியிருக்கும். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும், கல்யாணம் என்றாலும், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் பெரும்பாலும் இவர்களுடைய பெட்டிகள்தான் பேசும். அப்பா தொடங்கிய தொழில். மகள் ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்து இப்போது அப்பாவோடு சேர்ந்து நடத்துகிறார்.

வீட்டுத் திரையரங்கு அமைப்பது இவர்களுடைய முதன்மைத் தொழில் இல்லை. கேட்டால் செய்து கொடுப்பார்கள். எனக்குச் செய்து கொடுத்தார்கள். இரண்டு நாள் வேலை, ஒயரும் தாங்கிகளும் சேர்த்து 340 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு முன் அந்த ஸ்பீக்கர்களுக்கே 3,800 வெள்ளி கொடுத்திருந்தோம். அந்தப் பெருந்தொகைக்குக் கிடைக்காதது இந்தச் சிறுதொகைக்குக் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எதைத் தேடினேன் என்பது விளங்காது. 31 ஆண்டுகள் எண்ணெய் மில்லில் வேலை செய்தேன். கொதிகலன் பக்கம் 12 ஆண்டுகள், மீதி டர்பைன் அறையில். தொழிற்சாலை இரைச்சலுக்கு 1989-இல் வந்த விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. 2019-இல் வந்த புதிய விதிகள் அதை 85 ஆகக் குறைத்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரைச்சலால் கெடும் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிப் பகுதி. உயிரெழுத்துகளின் ஓசை அதற்குக் கீழே இருப்பதால் தங்கிவிடும். ச, த, ப, க போன்ற மெய்களின் கூர்மை அந்த மேல்பகுதியில் இருப்பதால் மங்கிவிடும். ஒருவர் பேசுவது நன்றாகக் கேட்கும், ஆனால் அவர் சொன்னது ‘பல்’லா, ‘கல்’லா என்று தெரியாது. எனக்கு வலது காது இடதைவிட மோசம். டர்பைன் என் வலப்பக்கம் இருந்தது.

ஜொகூரில் வேலை செய்யும் மகன், போன ஆண்டு தீபாவளிக்கு எனக்காக ஒரு 5.1 ஒலியமைப்பு வாங்கினான். ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், ஒலியைப் பிரித்து இவற்றுக்கு அனுப்பும் ஒரு ரிசீவர். நகரத்துக் கடை ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து ஒன்றரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஒலி பெரிதாக வந்தது. கண்ணாடி அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன. மகன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. அவனிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வார்த்தை விளங்கவில்லை. ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடு இடியும். குறைத்தால் பேச்சு மறையும். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்காருவேன். எட்டு மாதங்கள் இப்படிப் போயின. அந்தக் கடைக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசினோம். “காது பிரச்சினைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோயில் திருவிழாவில்தான் எண்ணம் மாறியது. அன்னதானக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, நானூறு பேர் பேச்சு, தட்டுச் சத்தம். நடுவில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: ஒரு காரின் எண்ணைச் சொல்லி, வழியை மறைத்து நிற்கிறது, எடுக்கவும் என்றார்கள். ஒவ்வோர் எண்ணும் எனக்கு விளங்கியது. காரணம் உடனே பிடிபடவில்லை. என் காது அதே காதுதான். அப்படியென்றால் வீட்டில் வேறு ஏதோ தவறு. கை கழுவிவிட்டு ஒலியமைப்பு மேசைக்குப் போனேன். அங்கே அந்த ஒலி ஒளிக் கடைக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தார். “நீங்கள் எப்படி இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “அங்கிள், பேச்சு போக வேண்டிய பெட்டிகளைச் சாப்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேராகத் திருப்பி, தாழ்வாக வைத்திருக்கிறேன். பாட்டுக்கு வேறு பெட்டிகள், வேறு இடம்” என்றார். வீட்டு விஷயத்தைச் சொன்னேன். திருவிழா முடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

வந்த அன்று அவர் செய்த முதல் காரியம் கைதட்டியது. கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகத் தட்டினார். ‘டர்ர்’ என்று ஒரு நடுக்கம் சுவர்களுக்கிடையே ஓடி அடங்கியது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லா வீடும் இதே மாதிரிதான்: ஒற்றை மாடி வரிசை வீடு, 12 அடி அகலம் 14 அடி நீளத்தில் கூடம், தரையெல்லாம் ஓடு, சன்னலில் மெல்லிய துணி. பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நான் எங்கே உட்காருவேன், என் மனைவி எங்கே உட்காருவார், என்ன பார்ப்போம், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நகரத்திலிருந்து வந்தவர்கள் ஆணி அடிக்கும் இடத்தை மட்டும்தான் கேட்டார்கள்.

அடுத்து ரிசீவரின் முன்முகப்பைப் பார்த்தார். ஐந்து ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒலி வந்துகொண்டிருந்தது. எனக்கு அது சரவுண்ட், அதாவது சுற்றிலுமிருந்து வரும் ஒலி, என்றுதான் தெரியும். அவர் டிவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒலி வெளியீடு ‘பி.சி.எம்.’ என்று இருந்ததைக் காட்டினார். எச்.டி.எம்.ஐ. ஒயரின் ஏ.ஆர்.சி. வழியாக டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி வருகிறது. அந்த வழியில் பி.சி.எம். என்று வைத்தால் இடம், வலம் என்ற இரண்டு தடங்கள் மட்டுமே போகும். படத்தில் ஐந்து தடங்கள் தனித்தனியாக இருந்தாலும் டிவி அவற்றை இரண்டாகக் கலக்கி அனுப்பிவிடும். ரிசீவரை ‘எல்லா ஸ்பீக்கரிலும் ஸ்டீரியோ’ என்ற முறையில் விட்டிருந்ததால், அந்த இரண்டையே ஐந்திலும் திரும்பத் திரும்ப ஒலித்திருக்கிறது. எட்டு மாதங்களாக நாங்கள் கேட்டது ஒரே பாட்டை ஐந்து பேர் பாடியது. பேச்சும் ஐந்து மூலைகளிலிருந்தும் வந்தது. ஒவ்வொன்றும் சிறிது முந்திப் பிந்தி என் காதுக்கு வந்தது. மெய்யெழுத்து மங்கிய காதுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

பி.சி.எம்.-ஐ மாற்றி, தடங்கள் தனித்தனியாக இருக்கும் டால்பி ஒலி படத்தில் உள்ளபடியே ரிசீவருக்குப் போகும்படி வைத்தார். முன்முகப்பில் எழுத்து மாறியது. ஒரு பைசா செலவில்லாத வேலை. அப்போதே பாதி சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை வேறு. பேச்சு இப்போது நடு ஸ்பீக்கருக்கு மட்டும் போனது, அந்த நடு ஸ்பீக்கரோ டிவி மேசையின் கீழ்த்தட்டுக்குள், பின்னால் தள்ளி, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. குகைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்தார். ரிசீவரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயரையும் கழற்றி, பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்பு ஒயரிலும் கழித்தல் முனையைக் கறுப்பு ஒயரிலும் ஒரு கணம் தொட்டார். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் இணைப்பு சரி. உள்ளே இழுத்தால் தலைகீழ். முன் இடது ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது. “அண்ணே, இது மற்றதெல்லாம் மூச்சு விடும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது” என்றார். இடமும் வலமும் எதிரெதிராக அசைந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஒயரை மாற்றி மாட்ட அரை நிமிடம் ஆனது. சிறிய கடையில் ரேடியோக்கள் பழுது பார்த்த காலத்திலேயே கற்றுக்கொண்ட சோதனையாம். மகளிடம் இதற்கான கருவி இருக்கிறது. ஆனாலும் அவர் பேட்டரியைத்தான் நம்புகிறார்.

நடு ஸ்பீக்கரைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து டிவிக்கு நேர் கீழே, மேசையின் மேல்தட்டில், முன்விளிம்போடு ஒட்டி வைத்தார்கள். அதற்காக டிவியை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர்த் துண்டுகளைக் கொடுத்து, உட்கார்ந்திருக்கும் என் காதைப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தினார்கள். அந்தக் கோணத்தைச் சரிபார்க்க அப்பா என் நாற்காலியின் தலைப்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டி ஸ்பீக்கர் வரை இழுத்துப் பிடித்தார். உயர்ந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், கீழ்நோக்கி அடித்தால் முகத்தில் விழாது என்று மகள் விளக்கினார். எனக்கு வேண்டிய 4,000 ஹெர்ட்ஸ் எல்லாம் எட்டு மாதங்களாக என் பாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அதே நூல்தான் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் அளவுகோல். நாற்காலியிலிருந்து நடு ஸ்பீக்கருக்கு ஒரு நேர்கோடு. அதிலிருந்து முன் இடமும் வலமும் ஆளுக்கு 30 பாகை விலகி இருக்க வேண்டும். இடம், வலம், நாற்காலி மூன்றும் ஒரு சமபக்க முக்கோணம். பின் இரண்டும் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 110 பாகையில், காதைவிட ஓர் அடி இரண்டடி உயரத்தில். எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் பின்சுவரின் மேல் மூலைகளில், கூரைப்பலகையை ஒட்டி, பல்லி மாதிரி ஒட்டியிருந்தார்கள். நாற்காலியும் பின்சுவரில் முதுகை முட்டிக்கொண்டு இருந்தது. அதை இரண்டரை அடி முன்னால் இழுத்துப் போட்டது அன்றைய மிக முக்கியமான மாற்றங்களில் ஒன்று. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் தாழ்ந்த ஒலி அங்கே வந்து குவியும். எங்கள் கூடத்தின் நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ் அளவில் அந்தக் குவிப்பு வரும் என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த உறுமல் பேச்சின் மேல் போர்வை போட்டு மூடிவிடும்.

இடப்பக்கச் சுவரில் பின் ஸ்பீக்கரை மாட்டுவது எளிதாக இருந்தது. வலப்பக்கம் படுக்கையறைக் கதவு வருகிறது. அங்கே சுவரே இல்லை. அப்பா கடைக்குப் போய், திருவிழாவில் குழல்விளக்கு கட்டும் இரும்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, அடியில் தகடு பற்றவைத்து, நிற்கும் தாங்கி ஒன்று செய்துகொண்டு வந்தார். கதவு திறக்க இடம் விட்டு நிற்கிறது. கடையில் விற்கும் தாங்கிகளைவிடக் கனம், பேரன் ஓடிவந்து இடித்தாலும் சாயாது. அதற்கு வாங்கியது 25 வெள்ளி.

ஒயரையும் மாற்றினார்கள். முன்பு போட்டிருந்தது நூல்போல் மெல்லிய ஒயர். வலப்பின் ஸ்பீக்கருக்குக் கதவைச் சுற்றிப் போக 11 மீட்டர் தேவை. அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய ஒயர் போட்டால் ரிசீவர் கொடுக்கும் சக்தியில் ஒரு பகுதியை ஒயரே தின்றுவிடும். மின்கடையில் விளக்குக்கு வாங்கும் அதே 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை இரட்டையாகப் போட்டார்கள். மீட்டருக்கு நூறு வெள்ளி விற்கும் ஒயர் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். “அந்தக் காசுக்கு ஆண்ட்டிக்கு ஒரு நல்ல திரைச்சீலை வாங்குங்கள், அங்கிள். ஒலிக்கு அதுதான் நல்லது” என்றார். விற்றால் அவருக்கு லாபம் வந்திருக்கும். நான் இவர்களை முழுதாக நம்பத் தொடங்கியது அந்த இடத்தில்.

மறுநாள் அளவெடுப்பு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மகள் டேப்பால் அளந்து ரிசீவரில் பதிவு செய்தார். நடு ஸ்பீக்கர் 9 அடி, பின் ஸ்பீக்கர்கள் 6 அடி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 3 அடி வித்தியாசத்துக்கு 2.6 மில்லி விநாடி. ரிசீவர் அந்தக் கணக்கைப் பார்த்து, அருகில் இருப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி செய்கிறது. முன்பு எல்லாவற்றுக்கும் பெட்டியிலிருந்து வந்த அதே எண்ணையே விட்டிருந்தார்கள். பிறகு ‘ஷ்ஷ்’ என்ற சோதனை ஒலியை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, என் தலை இருக்கும் இடத்தில் ஒலிமானியைப் பிடித்து, ஐந்தும் 75 டெசிபல் காட்டும்வரை திருத்தினார். எல்லாம் சமமான பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டினார். “புத்தகத்தில் சமமாக வைக்கச் சொல்வார்கள். புத்தகம் உங்கள் காதைப் பார்த்ததில்லை” என்றார்.

தாழ்ந்த ஒலிகளை 80 ஹெர்ட்ஸில் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பினார். சப்வூஃபர் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. தாழ்ந்த ஒலிக்கு நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வைத்து, ஒரே சீரான தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, கூடத்தின் ஓரங்களில் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். எங்கே ஒலி சீராகவும் நிறைவாகவும் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் அப்படியே கேட்கும். அந்தப் பெண் முழங்காலிட்டுத் தவழ்ந்து போய், இடப்பக்கம் ஓர் இடத்தில் நின்று, “இதுதான்” என்றார். அது எங்கள் சாமி மேடைக்கு நேர் கீழே.

என் மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். விளக்கு எரிகிற இடத்தில் அதிர்வு கூடாது. அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. “சரி ஆண்ட்டி, இரண்டாவது நல்ல இடம் பார்ப்போம்” என்று மறுபடி தவழ்ந்தார். டிவி மேசைக்கும் முன் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. அதுவும் போதும் என்று எனக்குத் தோன்றியது. வாடிக்கையாளரின் வீட்டில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்று தெரிந்து நடந்துகொண்டதை நான் அவருடைய படிப்பைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

கூடத்தின் ஒரு பக்கச் சுவரின் மறுபுறம் ஒரு மலாய்க் குடும்பம். மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது என்று அந்த வீட்டு மக்சிக் (அம்மாள்) சொல்லியிருந்தார். வரிசை வீட்டில் சுவர் பொதுச் சுவர். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். ஒரு செங்கல் சுவர் அதற்குத் தடையே இல்லை. சப்வூஃபரைச் சுவரிலிருந்து தள்ளி, அடியில் கெட்டியான ரப்பர்ப் பாய் போட்டு, அளவைக் குறைத்து வைத்தார்கள். இரவு 9 மணிக்கு மேல் ரிசீவரில் இரவு முறையைப் போடச் சொன்னார்கள். அது உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். எனக்கு அந்த முறைதான் பகலிலும் பிடிக்கிறது. வெடிச்சத்தம் வெடிச்சத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு அடுத்து யார் என்ன சொன்னார் என்பது கேட்கிறது. வேலை முடிந்த அன்று அப்பா மக்சிக் வீட்டுக்கே போய், படம் ஓடும்போது அவர்களுடைய கூடத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

டம்ளர் அதிர்ந்தது தனிக்கதை. தாழ்ந்த ஒலியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் எது நடுங்குகிறது என்று தேடினார்கள். ஒரு கட்டத்தில் பூசை மணி தானாக ஒலித்தது. அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் கம்பளித்துணித் துண்டுகள் ஒட்டியதும் அடங்கிவிட்டது. பூசை மணியை மனைவி வேறு கொக்கிக்கு மாற்றினார்.

சீரியல் விஷயம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நாங்கள் பார்ப்பவை ஸ்டீரியோவில் வருகின்றன. ஐந்து தடங்கள் அவற்றில் இல்லை. அவற்றுக்கு ரிசீவரில் வேறு முறை வைத்துக் கொடுத்தார். இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலியை, அதாவது பெரும்பாலும் பேச்சை, பிரித்தெடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறை அது. ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினார். என் மனைவி இப்போது அதை என்னைவிடத் திறமையாகக் கையாளுகிறார்.

திரைச்சீலை வாங்கினோம். தெலுக் இந்தானில் கனமான துணி, தைப்பதற்கும் சேர்த்து 160 வெள்ளி. நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கம்பளம். இப்போது கூடத்தில் கைதட்டினால் அந்த ‘டர்ர்’ இல்லை. மழைக்கு மட்டும் மருந்து கிடையாது. கூரைத் தகரத்தில் பெருமழை கொட்டும்போது எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் தோற்றுவிடும். அப்போது படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போடுவதுதான் வழி.

இடி மின்னலைப் பற்றி அவர்கள் சொன்னதை எல்லோரும் கவனிக்க வேண்டும். நம் கடலோரத் தாழ்நிலத்தில் பிற்பகல் மின்னல் வாரத்துக்கு எத்தனை முறை என்று சொல்லத் தேவையில்லை. மின்பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கூரையில் இருக்கும் சாட்டிலைட் தட்டிலிருந்து வரும் ஒயர் வழியாகவும் மின்னல் அலை உள்ளே வரும். அது சாட்டிலைட் பெட்டிக்குள் நுழைந்து, எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டிவிக்கும் ரிசீவருக்கும் போய்விடும். அதையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் டிவி இப்படித்தான் போனது. பிளக்கைக் கழற்றியிருந்தும் போனது, காரணம் இப்போதுதான் தெரிகிறது.

மகன் தொலைபேசியில், கூரையில் ஸ்பீக்கர் வைக்கும் டால்பி ஆட்மாஸ் போட்டுவிடலாமா என்று கேட்டான். அது திரையரங்குகளில் 2012-இல் வந்து, 2014-இல் வீடுகளுக்கும் வந்த முறை. மழை மேலிருந்து பெய்வது போலவும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போவது போலவும் கேட்கும். அந்தப் பெண் எங்கள் கூரைப்பலகையைத் தட்டிப் பார்த்தார். மெல்லிய பலகை, உயரமும் குறைவு, அதற்கேற்ற ரிசீவரும் புதிதாக வாங்க வேண்டும். “உங்கள் மகனிடம் நான் பேசுகிறேன்” என்று தொலைபேசியை வாங்கி, “அண்ணே, அப்பாவுக்கு வேண்டியது முன்னால் இருக்கிறது, மேலே இல்லை” என்றார். மகன் ஒத்துக்கொண்டான்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் தீமிதி நீண்டுவிட்டது என்றார்கள், ஆனால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். நாள் முழுதும் காத்திருந்தோம். ஒயரை மூடும் பிளாஸ்டிக் டிரங்கிங் வெள்ளையில் மட்டும்தான் கையிருப்பில் இருந்தது. எங்கள் சுவர் இளம்பச்சை, அது பளிச்சென்று தெரிகிறது. சுவரில் துளை போட்ட தூசியைக் கூட்டினார்கள், துடைக்கவில்லை. ரசீது கேட்டேன். வாடகைப் புத்தகத்தில்தான் எழுதிக் கொடுத்தார்கள், என்னென்ன வேலை என்ற விவரம் இல்லை. பின்னால் ஏதாவது கெட்டால் காட்டுவதற்கு அது போதாது. மகள் நோட்டில் எழுதிய தூர அளவுகளையும் டெசிபல் எண்களையும் நான் கேட்டு ஒரு படி எடுத்து ரிசீவருக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்தடை வந்து அமைப்பு அழிந்துபோனால் உதவும்.

சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். வெள்ளைத்துணித் திரை, அதன் அடியில் ஒரே ஒரு ஸ்பீக்கர். கூட்டம் அதிகமானால் நாங்கள் திரைக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான், ஆனால் வசனம் ஒன்றுவிடாமல் கேட்கும். மறுநாள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டே போவேன். வேலை முடிந்த அன்று இரவு ஒரு பழைய படம் போட்டோம். இடைவேளை வரை ரிமோட்டைத் தொடவில்லை. நீதிமன்றக் காட்சி ஒன்றில் வக்கீல் வேகமாகப் பேசிய ஒரு வரியை, நான் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.

எல்லா வார்த்தையும் விளங்குகிறது என்று சொல்லமாட்டேன். போன காது போனதுதான். மெல்லப் பேசும் பெண்குரல்களும் பின்னணி இசைக்குள் மூழ்கிய பேச்சும் இன்னும் தப்பிவிடுகின்றன. பத்தில் நான்கு வரி விளங்கிய இடத்தில் இப்போது எட்டு விளங்குகிறது. அதுவும் ஒரு புதுப் பெட்டிகூட வாங்காமல்.

இவர்களை அழைக்க நினைப்பவர்கள் ஆடி மாதத்திலும் பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாள்களிலும் முயல வேண்டாம். கடையில் ஆளே இருக்க மாட்டார்கள். மற்ற நாள்களில் காலை பத்து மணிக்கு மேல் நேரில் போய்ப் பேசுவது நல்லது. போகும்போது கூடத்தின் நீள அகலத்தையும் கதவு சன்னல் இருக்கும் இடங்களையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுபோங்கள். சாமி மேடை எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை அவர் முதலில் கேட்பார்.